அக்காவின் எண்ணும் மாமாவின் பெயரும்

தேர்தல் வந்துவிட்டால் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் என்னால் நிம்மதியாக டீ குடிக்க முடியாது. டம்ளரைக் கையில் வாங்குவதற்குள் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். "சார், நீங்கதான் மிஷின் பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க, உண்மையச் சொல்லுங்க. எத அமுக்கினாலும் ஒரே பக்கம் போவுதாமே?" சிதம்பரத்தில் வாத்தியாராக இருக்கிற பாவத்துக்கு இருபது வருஷமாக நான் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒவ்வொரு தேர்தலிலும் எனக்கு வாக்குச்சாவடி வேலை போடுவார்கள். விடிவதற்கு முன்னாலேயே எழுந்து, கட்சி ஏஜென்ட்டுகளை எதிரே உட்காரவைத்து, மாதிரி வாக்குப்பதிவு நடத்த வேண்டும். ஐம்பது ஓட்டாவது போட வேண்டும். மிஷினில் வந்த கணக்கும், யாருக்குப் போட்டோம் என்று காட்டிவிட்டுப் பெட்டிக்குள் விழுந்த சீட்டும் ஒன்றுக்கொன்று சரியாக இருக்கிறதா என்று எல்லார் கண் முன்னாலும் பார்க்க வேண்டும். பிறகு அதையெல்லாம் அழித்து, சீட்டுகளை எடுத்துத் தனி உறையில் போட்டு, அரக்கு வைத்து, கையெழுத்து வாங்க வேண்டும். அழிக்க மறந்தால் என் வேலைக்கே ஆபத்து. இதையெல்லாம் டீக்கடையில் சொன்னால் அவர்கள் தலையை ஆட்டிவிட்டு, "அது சரி சார், ஆனா உள்ள என்னா எழுதி வச்சிருக்கான்னு ஒங்களுக்கே தெரியாதில்ல?" என்பார்கள். தெரியாதுதான்.

கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஓட்டு அவர்களுடையது, அவர்கள் கேட்கத்தான் வேண்டும். பதில் சொல்ல வேண்டியவர்கள் மேல்தான் எனக்கு எரிச்சல். பயிற்சி வகுப்பில் ஒரு டீச்சர் எழுந்து, "அந்தச் சீட்டு ஏழு செகண்டுதான் தெரியுது, கண்ணு சரியாத் தெரியாதவங்க எப்பிடிப் படிப்பாங்க?" என்று கேட்டார். மேடையில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "மேடம், சாப்பாட்டுக்கு டைம் ஆவுது" என்றார். முன்னூறு வாத்தியார்கள் உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

ஆனால் என் வீட்டில் ஒரு ஓட்டு காணாமல் போனபோது மிஷின் அந்தப் பக்கமே வரவில்லை. ஒரு காகிதமும் ஒரு பேனாவும் போதுமாக இருந்தன.

என் அக்கா கடலூர் முதுநகரில் இருக்கிறாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். மாமா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா சத்துணவுக் கூடத்தில் ஆயாவாக வேலை பார்த்தவள். கையெழுத்துப் போடுவாள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள். ஓட்டு என்றால் மட்டும் அவளுக்கு ஒரு வெறி உண்டு. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் பிறந்தது சிதம்பரத்துக்கு மேற்கே ஒரு ஊரில். அப்பா காலத்தில் எங்கள் தெரு ஆட்கள் ஓட்டுப் போடப் போனால், வாசலிலேயே நிறுத்தி, "ஒங்க தெரு ஓட்டெல்லாம் காலையிலயே விழுந்துடுச்சு, போய் வேலையப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்களாம். அப்பாவும் திரும்பி வந்து வேலையைப் பார்த்திருக்கிறார். போன வருஷம் மழை குறைச்சல் என்று சொல்வதைப் போல அவர் அதைச் சாதாரணமாகச் சொல்வார். அக்காவுக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். "அவங்க சொன்னா நீ வந்துடுவியா? என் ஓட்ட எவன் போட்டான்னு கேக்க மாட்டியா?" என்று அப்பாவிடம் சண்டைக்குப் போனாள். கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். அதை அவர் அவளுக்குச் சொல்லவில்லை.

அப்படிப்பட்டவள் கல்யாணமாகி முதுநகர் போன பிறகு ஒரு தேர்தலைக்கூட விட்டதில்லை. ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் ஆறேகாலுக்கே வரிசையில் நிற்பாள். குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள் வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு போய் நின்றிருக்கிறாள். யாருக்குப் போட்டாள் என்று மாமாவுக்குக்கூடச் சொல்ல மாட்டாள். "ஒங்க அக்கா எனக்கு எதிரா குத்திட்டு வந்து, எனக்கே மீன் கொழம்பு வச்சு ஊத்துறா மச்சான்" என்று மாமா என்னிடம் புலம்புவார். "என் ஓட்டு, என் இஷ்டம். கொழம்பு நல்லாருக்கா, அதச் சொல்லுங்க" என்பாள் அவள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கா மாமாவின் பெயரைச் சொல்ல மாட்டாள். அவள் வயதுப் பெண்களில் பாதிப்பேர் அப்படித்தான், அதை யாரும் அங்கே பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ரேஷன் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ பேங்கிலோ "புருஷன் பேரு என்னம்மா?" என்று கேட்டால், பையில் கைவிட்டுத் தன் ஓட்டர் கார்டை எடுத்து நீட்டுவாள். அதில் அவள் பெயருக்குக் கீழே கணவர் பெயர் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியில் விரலை வைத்து, "இதுல இருக்கு பாரு" என்பாள். வருஷக்கணக்காக விரல் வைத்து வைத்து அந்த இடத்தில் பிளாஸ்டிக் மங்கிப்போயிருந்தது. ஓட்டுப் போட அவள் அந்தக் கார்டை எடுத்தது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையோ இரண்டுமுறையோதான். மாமா பெயரைச் சொல்வதற்கு வாரம் ஒருமுறை எடுத்தாள்.

ஐப்பசி மழையில் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை எடுத்துக்கொண்டு போனேன். அவளைக் கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் வைத்துக்கொள்வது என்று முடிவானது. அவள் பெற்ற பெண்கள் இரண்டு பேரும் வெளியூரில் இருக்கிறார்கள், அந்த வீட்டில் அவள் தனியாக என்ன செய்வாள்?

அந்தச் சமயத்தில் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. அக்கா இருக்கிற தெருவுக்குப் பொறுப்பு ஓர் அங்கன்வாடி டீச்சர். கையில் பட்டியலோடு தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குள் இருந்த தேர்தல் அலுவலர் விழித்துக்கொண்டார். மாமா பெயரை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். செத்தவர்கள் பெயர் பட்டியலில் கிடந்தால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் கூட்டம் குறைந்த பிறகு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, யாரோ ஒருவர் சொல்லிக்கொடுத்த பெயரை ஒப்பித்துக்கொண்டு சில ஆட்கள் வருவார்கள். சிலரைப் பிடித்து அனுப்பியிருக்கிறேன். எனக்குத் தெரியாமல் எத்தனை பேர் போட்டுவிட்டுப் போனார்களோ. மாமா பெயரில் எவனும் ஓட்டுப் போடக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு.

டீச்சரிடம் நீக்கல் படிவம் வாங்கிக்கொண்டு வந்து, "அக்கா, மாமா பேர ஓட்டு லிஸ்ட்லேருந்து எடுக்கணும். கார்டு குடு" என்றேன். அக்கா அடுப்படியில் பாத்திரங்களை ஒழித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பையில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தாள். வெளியே வண்டி காத்துக்கொண்டிருந்தது. பெயர் எழுதினேன், கார்டில் இருந்த எண்ணை எழுதினேன், காரணம் இறப்பு என்று எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். எனக்கு அச்சடித்தமாதிரி கையெழுத்து. தெருமுனையில் நின்றிருந்த டீச்சரிடம் கொடுத்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு வண்டியில் ஏறினேன்.

பொங்கல் கழித்து அக்கா முதுநகருக்கே திரும்பிப் போய்விட்டாள். "எத்தினி நாளுக்குடா ஒன் வூட்லயே குந்திக்கிட்டு இருக்குறது" என்றாள். தேர்தல் அறிவித்தார்கள். எனக்கு வழக்கம்போல உத்தரவு வந்தது. ஓட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவளிடமிருந்து போன்.

"டேய், ஓட்டு சிலிப்பு குடுத்துட்டுப் போனாங்கடா. ஒங்க மாமாவுக்கு வந்திருக்கு. எனக்கு வர்ல."

"மாமாவுக்கா?"

"ஆமாண்டா. பூத்து, நம்பரு எல்லாம் போட்டு வந்திருக்கு. என்னுத அப்புறமா குடுப்பாங்களா?"

அவள் கார்டு எண்ணை வாங்கிக்கொண்டு, பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன். பதிவு இல்லை என்றது. பெயர், ஊர், வயது போட்டுத் தேடினேன். அப்போதும் இல்லை. பட்டியலில் அந்த வீட்டு எண்ணில் மாமா ஒருவர்தான் இருந்தார், ஆண், வயது அறுபத்தெட்டு.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கடலூர் பஸ் ஏறினேன். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டுகிற வரைக்கும் என்னென்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். தேர்தல் வேலை நடக்கிற ஓர் அலுவலகத்தில் மூன்று மேஜைகளுக்கு அலையவிட்டார்கள். நாலாவது மேஜையில் இருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இறப்புன்னு போட்டு நீக்கியிருக்கு சார்" என்றார்.

"அவுங்க உயிரோட இருக்காங்க."

"நான் இல்லேங்கலியே சார். லிஸ்ட்டுப்படி இறந்திருக்காங்க."

"செத்துப்போன அவுங்க வீட்டுக்காரர் பேரு லிஸ்ட்ல இருக்கு. சிலிப்பே வந்திருக்கு."

"அவரு பேர எடுக்கணும்னா அதுக்கு யாராவது எழுதிக் குடுத்திருக்கணும்."

"நான் எழுதிக் குடுத்தேன்!"

"அப்பிடி ஒண்ணும் வந்ததாக் காட்டலியே" என்றவர், திரையை என் பக்கம் திருப்பவே இல்லை. "பேரு சேக்குற தேதி முடிஞ்சுபோச்சு சார். லிஸ்ட்டு லாக் ஆயிடுச்சு. நீங்களே எலக்‌ஷன் டியூட்டி பாக்குறவரு, ஒங்களுக்குத் தெரியாததா? அடுத்த எலக்‌ஷன்ல போடட்டும். ஒரு ஓட்டுதானே."

ஒரு ஓட்டுதானே! ஒரே ஒரு வாக்காளருக்காக மலைமேல் மிஷினைத் தூக்கிக்கொண்டு போனோம், ஆற்றைக் கடந்து போனோம் என்று பயிற்சி வகுப்பில் வருஷா வருஷம் படம் போட்டுக் காட்டுகிறார்கள். நாங்களும் கைதட்டுகிறோம். ஆற்றையும் மலையையும் கடந்தவர்களுக்கு முதுநகரில் ஒரு தெருவைக் கடக்க முடியவில்லை. நான் போட்ட சத்தத்தில் வாசலில் இருந்த போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரர் என்னை வெளியே அழைத்துக்கொண்டு வந்து, "அந்த ஏரியா அங்கன்வாடி டீச்சரப் பாருங்க சார், அவுங்கதான் அனுப்பியிருப்பாங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

போனேன். மத்தியான நேரம், குழந்தைகள் பாயில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அதனால் என்னால் கத்த முடியவில்லை. கத்தாமல் என்னவெல்லாம் திட்ட முடியுமோ அவ்வளவும் திட்டினேன். வீட்டுக்கு வந்து பார்த்தீர்களா என்றேன். உயிரோடு இருக்கிற ஆளைக் கொன்றுவிட்டுச் சோறு எப்படி இறங்குகிறது என்றுகூடக் கேட்டேன். அந்த அம்மா போனை எடுத்து நெடுநேரம் தள்ளித் தள்ளி எதையோ தேடினார்.

"பிரச்சன வந்தா என் தலைதான் சார் உருளும். அதனால வாங்குற படிவம் எல்லாத்தயும் போட்டோ எடுத்து வச்சுக்குவேன்" என்று சொல்லிப் போனை என் கையில் கொடுத்தார்.

அச்சடித்தமாதிரி கையெழுத்து. பெயர் என்ற இடத்தில் மாமாவின் பெயர். எண் என்ற இடத்தில் அக்காவின் எண். கீழே என் கையெழுத்து, என் போன் நம்பர்.

"வாத்தியாரு எழுதுனதுன்னு நான் ரெண்டாவது தடவ பாக்கல சார்" என்றார் டீச்சர்.

எப்படி நடந்தது என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மாமா பெயருக்காகக் கார்டு கேட்டேன். மாமா பெயருக்காக யார் கார்டு கேட்டாலும் அவள் எதை எடுத்து நீட்டுவாளோ அதை எடுத்து நீட்டினாள். அடுப்படியில் நின்றுகொண்டு, இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்காத கண்ணோடு, வழக்கத்தில் கை தானாகப் போன இடம் அது. நானும் மாமா பெயர் கண்ணில் பட்டதும் மேலே இருந்த எண்ணைப் பார்த்து எழுதிவிட்டேன். போட்டோவில் இருந்தது அக்கா முகம். அதைக்கூடப் பார்க்கவில்லை. மாமாவுடைய கார்டு அவர் பென்ஷன் காகிதங்களோடு டிரங்குப் பெட்டியில் இருந்திருக்கிறது.

அந்த டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது, வெட்கத்தோடு கோபமும் சேர்ந்து இன்னும் பெரிதாக வளர்ந்தது. நான் எழுதியது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு ஆணின் பெயரை எழுதி ஒரு பெண்ணின் எண்ணை எழுதியிருக்கிறேன். அந்த எண்ணைத் தட்டினால் திரையில் அக்காவின் பெயர் வந்திருக்கும், அவள் முகம் வந்திருக்கும், பெண் என்று வந்திருக்கும். கையில் இருக்கிற காகிதத்தில் வேறொரு பெயர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவருக்குக்கூட நேரமில்லை. விலாசம் பொருந்தாத கடிதத்தைத் தபால்காரர் திருப்பிக் கொண்டுபோகிறார். மாதிரி வாக்குப்பதிவில் ஒரே ஒரு ஓட்டு கணக்கு இடித்தால் மிஷினையே மாற்றுகிறோம். ஒரு மனுஷியைப் பட்டியலிலிருந்து எடுப்பதற்கு மட்டும் எவனாவது ஒருவன் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அவளைக் கேட்க வேண்டாம். நீக்கியவர்கள் பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார்களாம், ஆட்சேபம் யாரும் சொல்லவில்லையாம். செத்துப்போனதாக எழுதப்பட்டவள் அப்போது சிதம்பரத்தில் என் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்கள் தெருக்காரர்கள் எல்லாரையும் பட்டியலைப் பாருங்கள், பாருங்கள் என்று நச்சரித்த நான், முதுநகர் பட்டியலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அக்காவிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஏதோ தப்பு நடந்துவிட்டது, இந்தத் தடவை போட முடியாது என்று மட்டும் போனில் சொன்னேன்.

"என்னா தப்பு?"

"நீ செத்துட்டதா எழுதிட்டாங்கக்கா."

உடனே ஆரம்பித்தாள். "எந்தக் கட்டையில போறவன்டா அப்பிடி எழுதுனான்? அவன் கையி வெளங்குமா? அந்தப் பேனா புடிச்ச கையில புழு வெக்க!" நான் வலது கையில் போனைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன்.

ஓட்டு நாளன்று எனக்கு லால்பேட்டைப் பக்கம் ஒரு சாவடி. தலைமை அலுவலர் நான்தான் என்றாலும், முதல் அலுவலர் வராததால் பட்டியலைப் பார்த்துப் பெயரையும் வரிசை எண்ணையும் சத்தமாகப் படிக்கிற அவர் வேலையும் என் தலையில் விழுந்தது. பத்து மணி வாக்கில் என் வயதுக்காரர் ஒருவர், தொப்பியைச் சரிசெய்துகொண்டே கார்டை நீட்டினார். முதலிலிருந்து தேடினேன், கடைசியிலிருந்து தேடினேன். அவர் மனைவி, இரண்டு மகன்கள், மருமகள் எல்லாரும் இருந்தார்கள். அவர் இல்லை.

"ஒங்க பேரு இல்லீங்க" என்றேன். இருபது வருஷமாக இந்த மூன்று வார்த்தைகளை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! சொல்லிவிட்டு அடுத்தவர் கார்டை வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு என்னால் முடியவில்லை.

"போன தடவ இதே ரூம்லதான் சார் போட்டேன். நான் எங்கயும் போவலியே" என்றார் அவர்.

எழுந்து நின்று, அடுத்த தடவைக்கு என்ன படிவம், எங்கே, எப்போது கொடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வரிசையில் பின்னால் இருந்தவர்கள் நேரமாகிறது என்று சத்தம் போட்டார்கள்.

அன்றைக்கு முதுநகரில் நடந்ததை அந்த அங்கன்வாடி டீச்சர் பிறகு எனக்குச் சொன்னார். சிலிப் இல்லாதவர்களுக்கு எண் எடுத்துக் கொடுக்க அவர் சாவடி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

போக வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொல்லியும் அக்கா ஆறேகாலுக்கே போய் நின்றிருக்கிறாள். உள்ளே இருந்த முதல் அலுவலர் வெளியூர்ப் பெண், சின்ன வயது. பொறுமையாகத் தேடியிருக்கிறார்.

"ஒங்க பேரு இல்லம்மா. இந்த வீட்டு நம்பர்ல ஒரு பேருதான் இருக்கு" என்று மாமா பெயரைப் படித்திருக்கிறார். "ஒங்க வீட்டுக்காரரா? அவர வரச் சொல்லுங்கம்மா, அவரு போடலாம்."

"அவரு செத்து அஞ்சாறு மாசம் ஆவுது. நான்தான் இதோ நிக்கிறேன்" என்றாளாம் அக்கா.

அறையில் இருந்த ஏஜென்ட்டுகள் எல்லாரும் அந்தத் தெருப் பையன்கள், பாதிப்பேர் அவள் கையால் சத்துணவு சாப்பிட்டவர்கள். ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாத கட்சிக்காரர்கள் அன்றைக்கு ஒரே குரலில், "எங்களுக்குத் தெரியும் மேடம், இந்தத் தெரு ஆயாதான், போடட்டும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண் என்ன செய்வார்? என் நாற்காலியில்தான் அவரும் உட்கார்ந்திருந்தார். லிஸ்ட்டில் இல்லாமல் விட எனக்கு அதிகாரமில்லை என்றிருக்கிறார்.

"சரி. அப்ப அவரு பேர அடி. என் கண்ணு முன்னால கோடு போட்டு அடி."

"அதுக்கும் எனக்கு அதிகாரம் இல்லம்மா."

அக்கா வெளியே வந்திருக்கிறாள். வீட்டுக்குப் போகவில்லை. வராந்தாவில் டீச்சர் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். போலீஸ்காரர் இரண்டு தடவை வந்து எழுப்பப் பார்த்தார். என்கூட இருக்காங்க என்று டீச்சர் சமாளித்திருக்கிறார். உள்ளே ஒவ்வொரு பெயரைப் படிக்கும்போதும் அக்கா காதைக் கொடுத்துக் கேட்டாள். "என்னத்தான் உடல. அவரு பேருல ஒருத்தன் வந்து நிக்கட்டும், அப்ப இருக்கு" என்றாளாம். காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரைக்கும், சர்க்கரை வியாதிக்காரி, இரண்டு டீயும் டீச்சர் கொடுத்த இரண்டு இட்லியும் சாப்பிட்டுவிட்டு அந்த பெஞ்சில் உட்கார்ந்து மாமாவின் ஓட்டைக் காவல் காத்திருக்கிறாள். யாரும் வரவில்லை. கதவு சாத்திய பிறகுதான் எழுந்து போனாள்.

அன்று மாலை எங்கள் சாவடியில் மொத்தம் காட்டுகிற பட்டனை அழுத்தினேன். பதிவேட்டில் இருந்த எண்ணும் மிஷின் காட்டிய எண்ணும் அப்படியே பொருந்தின. ஏஜென்ட்டுகள் குறித்துக்கொண்டார்கள். முதுநகரிலும் இப்படிச் சரியாகத்தான் வந்திருக்கும். உள்ளே விடப்படாதவர்களை எந்த மிஷினும் எண்ணப்போவதில்லை. அந்த லால்பேட்டைக்காரரும் என் அக்காவும் எந்தக் கணக்கிலும் குறைவாகத் தெரிய மாட்டார்கள். அந்தச் சரியான கணக்கின் கீழே கையெழுத்துப் போடும்போது எனக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி அவளுக்குப் பிடித்த சப்போட்டாப் பழம் வாங்கிக்கொண்டு முதுநகர் போனேன். பெயர் சேர்க்கிற படிவமும் கையில் இருந்தது. தண்ணீர் கொடுத்தாள், குடிக்கவில்லை. முதலில் சொல்லிவிட வேண்டும் என்று, "அக்கா, அன்னிக்கு அந்தப் படிவத்த எழுதுனது நான்தான்" என்றேன். போட்டோவை டீச்சரிடமிருந்து வாங்கி வைத்திருந்தேன், அதையும் காட்டினேன்.

அவள் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எழுத்துக்கூட்டி வாசித்தாள். மாமா பெயர் வந்த இடத்தில் உதட்டை மூடிக்கொண்டாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. நான் பழப் பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். வந்தபோது கண் சிவந்திருந்தது.

"நீ வாத்தியாரு. பாத்து எழுதணுமில்ல?"

"ஆமாக்கா."

"நானும் பாத்துக் குடுத்திருக்கணும்." பழப் பையை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள். "சரி, நாம ரெண்டு பேரும்தான் எழவு வூட்ல இருந்தோம், புத்தி மங்கிக் கெடந்துது. அத வாங்கி உள்ள போட்டவங்க வூட்லல்லாம் யாருடா செத்தா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அதைக் கவனிக்காதமாதிரி, "எழுது, என்னா எழுதணுமோ எழுது" என்று எதிரே உட்கார்ந்தாள்.

படிவத்தைத் தரையில் விரித்தேன். நான் பேனாவைத் திறப்பதற்குள் அவள் அதைத் தன் பக்கம் திருப்பி, மேலே கொட்டை எழுத்தில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். இனிமேல் எந்தக் காகிதத்தையும் படிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது. புதிய வாக்காளர்களுக்கான விண்ணப்பம் என்று அதில் அச்சடித்திருந்தது.

"புதிய வாக்காளரா? யாருடா?"

"நீதான்க்கா. லிஸ்ட்ல இல்லாதவங்க எல்லாருக்கும் இந்தப் படிவம்தான். பதினெட்டு வயசுப் புள்ளைங்களும் இதுலதான் எழுதிக் குடுக்கும்."

அவள் விரலை அந்த வரியிலிருந்து எடுக்கவில்லை.

"அப்ப இத்தினி வருசமா இந்தப் பள்ளிக்கூடத்துல போயி போட்டுட்டு வந்தவ யாருடா?"